பழகாத அடுப்பின் மேகம்

கூத்தனேந்தலில் ஒரு மேகம் குடியிருந்தது என்று சொன்னால் இப்போது அந்தப் பக்கத்துக்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், ரேசன் கார்டு இல்லாத ஒரு குறையைத் தவிர மற்றபடி அது ஊரில் ஓர் ஆளாகவே குடியிருந்தது, பஞ்சவர்ணத்தின் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்துக்குக் கொஞ்சம் மேலே, பீட்சா அடுப்புக்கு நேராக.

மேகம் வருவதற்கு முந்தைய ஊரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ராமநாதபுரம் சீமையில், கடலுக்குப் பக்கத்தில், தரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்த ஊர். வேலையில் ஒருவரைத் தண்டிப்பதென்றால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன் என்று மிரட்டுவார்களே, அப்படி மாற்றப்பட்டு வந்தவர்கள்கூடக் கையைக் காலைப் பிடித்து வேறு இடம் பார்த்துப் போய்விடும் ஊர். கண்மாயில் தண்ணீருக்குப் பதிலாகச் சீமைக் கருவேலம் நின்றது, மண்ணுக்குள் இருந்த தண்ணீரையெல்லாம் அந்தச் சனியன்தான் குடித்துவிட்டது என்று ஊர் அதைத் திட்டும், திட்டிக்கொண்டே வெட்டிக் கரிமூட்டம் போடும், கரி விற்ற காசில் கஞ்சி குடிக்கும். பெண்கள் விடிந்ததும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு, குழாய் இருக்கிற பக்கத்து ஊருக்குப் போய், வரிசையில் நின்று, சண்டை போட்டு, பிடித்து, வெயில் ஏறத் திரும்புவார்கள். பஞ்சவர்ணம் வாக்கப்பட்டு வந்த மறுவாரம் அந்த வண்டியின் கைப்பிடியைப் பிடித்தவள், மகளைப் பெற்று வளர்த்து மானாமதுரையில் கட்டிக்கொடுத்த பிறகும் விடவில்லை. அவள் உள்ளங்கையில் இருந்த காய்ப்புக்குச் சூடு உறைக்காது, கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் இறக்கி வைப்பாள்.

அவள் புருசன் வழிவிட்டான் துபாயில் ஒரு ஹோட்டலில் பீட்சா அடுப்புக்கு முன்னால் நின்றவன். கல்யாணமான வருசமே போனான், மகள் பிறந்ததைப் போனில் கேட்டான், காதுகுத்தைப் போட்டோவில் பார்த்தான், சடங்குக்கு வர லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கு வந்து தாரை வார்த்துவிட்டுப் பந்தியின் ஈரம் காயும் முன்னே பெட்டி கட்டினான். வரும்போதெல்லாம் பேரீச்சம்பழமும் கோடாலித் தைலமும் கொண்டுவருவான், இரண்டும் தீர்வதற்குள் போய்விடுவான். அப்படிப்பட்டவன் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கி, செருப்பைக் கழற்றாமலேயே, "இனிமே போகல பஞ்சு, அங்க சுட்டத இங்க சுடுறேன்" என்றான். பஞ்சவர்ணம் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் அன்றைக்குக் குழம்பில் கூட ரெண்டு கரண்டி எண்ணெய் விட்டாள்.

அவன் கணக்கு தப்புக் கணக்கு இல்லை. வீட்டுக் கொல்லை முடிகிற இடத்தில் ராமேஸ்வரம் போகிற கடற்கரைச் சாலை ஓடியது, தீர்த்தமாடப் போகிறவர்களும் ஆடிவிட்டு வருகிறவர்களும் வேன் வேனாகப் போனார்கள், அவர்களுக்கு வழியில் டீயும் வடையும் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அடுப்பு கட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், அடுப்பு சரிப்படாவிட்டால் திரும்பப் போவதைத் தவிர வழியில்லை, ஏனென்றால் அவனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. இது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

கட்ட வந்தவர் சாத்தையா கொத்தனார். "மாப்ளே, நான் வீடு கட்டிருக்கேன், தொட்டி கட்டிருக்கேன், கோயில் மதில் கட்டிருக்கேன், ரொட்டி சுடுறதுக்கு ஒரு வீடு கட்டுனதில்ல" என்று சொல்லிக்கொண்டேதான் ஆரம்பித்தார். மேடை கட்டினார்கள். மேடைக்குள் உடைந்த பாட்டில் சில்லும் உப்பளத்துக் கல்லுப்பும் கொட்டிப் பரப்பினார்கள், அவை சூட்டைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்குமாம், இரண்டுக்கும் அந்தச் சீமையில் பஞ்சமில்லை. அதற்கு மேல் தரை பாவி, தரையின் மேல் ஈர மணலை அம்பாரமாகக் குவித்து, நனைத்த பேப்பரை ஒட்டி, அந்த மணல் மேட்டைத் தழுவினாற்போலச் செங்கல் செங்கலாகச் சுற்றி ஏற்றி உச்சியில் மூடினார்கள், காரை இறுகியதும் வாய் வழியாக மணலை அள்ளி வெளியே கொட்டினார்கள். சிமெண்டு போடவில்லையே என்று சாத்தையா கடைசி வரை முனகினார். செம்மண்ணும் சுண்ணாம்பும்தான் தீக்குத் தாங்கும் என்று வழிவிட்டான் சொல்லிவிட்டான். ஊர் வந்து பார்த்தது, சுற்றி வந்தது, சமாதி மாதிரியல்லவா இருக்கிறது, இதற்குள் யாரை உட்கார வைக்கப்போகிறாய் என்று கேட்டது.

"ஒடனே தீ போடக் கூடாது" என்று வழிவிட்டான் பஞ்சவர்ணத்திடம் சொன்னான். "செங்கலுக்குள்ள, காரைக்குள்ள ஈரம் ஒளிஞ்சு கெடக்கும். எடுத்தவொடனே பெரிய தீ போட்டோம்னா ஈரத்துக்கு வெளிய வர வழி தெரியாம வெடிச்சிரும். சின்னத் தீயா போட்டு, தெனமும் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டி, அதப் பழக்கணும்."

"தோசைக்கல்லப் பழக்குற மாதிரி."

"அதேதான்."

அவளுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்தவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் புது அடுப்பில் முதல் நெருப்பு என்றால் முதலில் பால் பொங்க வேண்டாமா? பால் பொங்காத அடுப்பில் பிழைப்பு பொங்குமா? அவள் நல்ல நேரம் பார்த்தாள், பித்தளைச் சட்டிக்கு மஞ்சள் கட்டினாள், தெருப் பெண்களைக் கூப்பிட்டாள். வழிவிட்டான் நாலு சுள்ளியை வைத்து ஒரு குழந்தைத் தீ மூட்டினான். பால் அசையவில்லை. பெண்கள் காத்திருந்தார்கள், பால் ஆடை கட்டிப் படுத்துக் கிடந்தது. ராகு காலம் வாசல்படிக்கு வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பஞ்சவர்ணத்துக்குப் பதறியது, பொங்காமல் நின்ற பாலைப் பற்றி ஊர் காலத்துக்கும் பேசும். அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் காய்ந்த பனையோலை ஒரு கட்டைத் தூக்கி அடுப்பின் வாய்க்குள் தள்ளிவிட்டாள்.

தீ குபீரென்று எழுந்து அடுப்பின் உட்கூரையை நக்கியது, பால் எகிறிக் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது, பெண்கள் குலவை போட்டார்கள். அந்தக் குலவைச் சத்தத்துக்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டதை உள்ளேயிருந்து ஓடிவந்த வழிவிட்டான் ஒருவன்தான் கவனித்தான். அடுப்பின் தலையில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அவன் அவளைத் திட்டவில்லை, தலையில் கைவைத்து உட்கார்ந்தும் விடவில்லை, துபாய்க்காரர்களிடம் திட்டு வாங்கி வாங்கி அவனுக்குப் பிறத்தியாரைத் திட்டுகிற தெம்பே வற்றிப் போயிருந்தது. "சரி விடு, மெதுவாப் பழக்குவோம்" என்றான்.

விரிசல் வழியாக ஆவி வந்தது. வெள்ளையாக, இட்லிச் சட்டியின் ஆவி போல வந்தது, வந்தது கலைந்து போகாமல் மேலே ஏறி, முருங்கை மரத்தைத் தாண்டியதும் நின்றது. மறுநாள் சின்னத் தீ போட்டபோது இன்னும் கொஞ்சம் வந்து முந்தினநாள் ஆவியோடு சேர்ந்துகொண்டது. பாய் விரித்த அளவு இருந்தது கட்டில் அளவாயிற்று, கட்டில் பந்தலாயிற்று. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் அது மழையாகப் பெய்தது. பஞ்சவர்ணத்தின் வண்டிக் கூட்டாளி இருளாயி வீட்டு வாசலில் தொடங்கிப் பிள்ளையார் கோயில் முக்கு வரைக்கும், அந்த ஒரு தெருவுக்கு மட்டும், கொஞ்சம் புகை வாசனையோடு நல்ல தண்ணீர் பெய்தது.

முதலில் சண்டைதான் வந்தது. காயப்போட்ட மிளகாய் நனைந்துவிட்டது, கருவாடு நனைந்துவிட்டது, எருவாட்டி கரைந்துவிட்டது என்று ஆளாளுக்குக் கொல்லையில் வந்து நின்று கத்தினார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி கத்திக்கொண்டே ஒரு குடத்தையும் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாம் நாள் யாரும் கத்தவில்லை, தெரு முழுக்கக் குடங்கள் நின்றன. காரணம் என்ன என்று ஊர் ரொம்ப நேரம் மெனக்கெடவில்லை. கண்மாய்க் கருவேலத்தைத்தானே எரிக்கிறான், அது இத்தனை வருசம் குடித்ததைக் கக்குகிறது என்றார்கள் சிலர், அடியில் கொட்டின உப்பு தண்ணீரை இழுக்கிறது என்றார்கள் சிலர், பால் கிழக்கே பொங்கியது சும்மாவா என்றார்கள் பெண்கள். வட்டார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்தார், இதை எந்தத் திட்டத்தின் கீழ் சேர்ப்பது என்று யோசித்தார், எதிலும் சேர்க்க வழியில்லாததால் இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். விறகு எங்கள் கண்மாயில் வெட்டியது, ஆகவே மேகத்தில் எங்களுக்கும் பங்குண்டு என்று பக்கத்து ஊர்க்காரர்கள் படை திரண்டு வந்தார்கள், அவர்களுக்கு வெள்ளிக்கிழமை மழையை விட்டுக் கொடுத்துச் சமாதானம் ஆயிற்று. இத்தனை காலம் அவர்கள் குழாயில் போய்க் கெஞ்சி நின்ற பெண்கள் அந்த வெள்ளிக்கிழமைகளில் வாசலில் நின்று, "வாங்க வாங்க, வரிசையில நில்லுங்க" என்று சொன்னதில் இருந்த ருசியை இங்கே எழுதிக் காட்ட முடியாது.

கோட்டைச்சாமிக்குத்தான் பொறுக்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் பதவி அவர் மனைவியின் பெயரில் இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடாத குறையாக ஊரை ஆண்டவர் அவர்தான், அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு ஒரு தென்னை தூரத்தில் மழை நின்றுவிடுகிறது. கல்யாண மண்டபத்து ஃபேன் ரெண்டைக் கொண்டுவந்து மாடியில் ஏற்றி மேகத்தைத் தன் பக்கம் தள்ளிப் பார்த்தார். மேகம் மரியாதைக்குக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது, கரண்டு போனதும் பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டது.

சும்மா சொல்லக் கூடாது, பஞ்சவர்ணத்துக்கு அது பிடித்திருந்தது. விடிந்த பிறகும் படுத்திருக்கிற சுகத்தை அவள் அதுவரை கண்டதில்லை. தள்ளுவண்டியைச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டாள், அதன் அடியில் கோழி முட்டை வைத்தது. உள்ளங்கைக் காய்ப்பு மெல்ல உரிந்தது, ஒருநாள் பழைய நினைப்பில் சட்டியை இறக்கப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள், சுட்டது எரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மேகத்தைப் பார்த்து ஊருக்குள் கல்யாணமும் வந்தது. தண்ணீர் இல்லாத ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பஞ்சவர்ணத்தோடு இத்தனை காலம் வண்டி தள்ளிய இருளாயியின் மகனுக்கு வயசு ஏறிக்கொண்டே போனது, பார்த்த பெண் வீட்டாரெல்லாம் ஊர்ப் பேரைக் கேட்டதும் காபியைக் குடிக்காமல் எழுந்தார்கள். இப்போது பரமக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, வந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, பெண்ணின் அம்மா நனைந்துகொண்டே தெருவைப் பார்த்தாள், வாசலில் நிறைந்து வழிகிற குடங்களைப் பார்த்தாள், அங்கேயே சம்மதம் சொன்னாள். இருளாயி அன்றைக்கே கல்யாணச் சமையலுக்கு விறகு வாங்கி அடுக்கினாள்.

இப்படி எல்லோருக்கும் நல்லது நடந்துகொண்டிருந்தபோது, வழிவிட்டான் அடுப்புக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்னத் தீ போட்டுக்கொண்டிருந்தான். நாளுக்கு நாள் தீயைக் கூட்ட வேண்டும் என்பது அவன் திட்டம். கொஞ்சம் கூட்டினான், அன்றைக்கு மழை பாதித் தெருவோடு நின்றுவிட்டது. ஊர் பிள்ளையார் கோயில் முன்னால் கூடியது. சாத்தையாதான் விளக்கம் சொன்னார்: "ஈரம் இருக்குற மட்டுக்கும் மேகம். தீயக் கூட்டுனா ஈரம் தீந்து போகும். ஈரம் தீந்தா அடுப்பு பழகிரும், மேகம் போயிரும்." அப்படியானால் அடுப்பு பழகவே வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தது. கோட்டைச்சாமி மைக் செட்டில் அறிவித்தார், சின்னத் தீ, சின்னத் தீ, சின்னத் தீயைத் தவிர வேறு தீ கூடாது என்று. விறகு ஊர் கொடுக்கும் என்றார்கள். வழிவிட்டானுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள், கோயிலில் முதல் விபூதி கொடுத்தார்கள். அவன் எதையும் மறுத்துப் பேசத் தெரியாதவன், வேட்டியை வாங்கிக்கொண்டான்.

அவ்வளவு காலம் அடுத்தவன் அடுப்புக்கு முன்னால் நின்றவன் இப்போது தன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான், அதுவும் எதுவும் வேகாத அடுப்பு. ஒருநாள் பிடிவாதமாக மாவைத் தட்டி உள்ளே வைத்துப் பார்த்தான், அது வேகாமல், பொரியாமல், வெளிறிப்போய் வியர்த்துக்கொண்டு கிடந்தது, அவன் நாய்க்குப் போட்டான், நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. சுள்ளியை எடுத்து வைப்பான், ஊதுவான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வான், மறுபடி சுள்ளியை எடுத்து வைப்பான். எரியவும் கூடாது, அணையவும் கூடாது, அப்படி ஒரு தீயைக் காப்பது எரிகிற தீக்கு முன்னால் நிற்பதைவிட ஆளைத் தின்றது. சாலையில் வேன்கள் போய்க்கொண்டே இருந்தன.

பிறகு துபாயிலிருந்து போன் வந்தது. இவன் இடத்துக்கு எடுத்த ஆள் சரியில்லை, உடனே வந்தால் பழைய வேலை உண்டு என்றார்கள்.  மறுநாள் பஞ்சவர்ணம் பரணிலிருந்து பெட்டி இறங்கியிருப்பதைப் பார்த்தாள். அந்தப் பெட்டியின் வாடை அவளுக்குத் தெரியும், பாச்சை உருண்டையும் தைலமும் கலந்த வாடை, அது வீட்டுக்குள் வந்தால் கூடவே ஓர் ஆள் வெளியே போய்விடுவான்.

"போகலன்னுதானே சொன்னீக" என்றாள்.

"போகலன்னுதான் வந்தேன். அடுப்பு வேகணும்ல."

"பெரிய தீயாப் போடுங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஊரு குடிக்கிற தண்ணிய நிப்பாட்டுன பாவம் எனக்கு எதுக்குத்தா. தீய யாரும் பாத்துக்கலாம். நான் போய் சம்பாரிச்சுட்டு வாரேன்." பேசும்போதே அவனுக்குக் கண் சொருகியது, அவ்வளவு அசதி.

அன்று மதியம் குடம் நிரப்ப வந்த கோட்டைச்சாமியிடம் யாரோ விசயத்தைச் சொன்னார்கள். வழிவிட்டான் போய்விட்டால் தீயை யார் பார்ப்பது என்று தெரு ஒரு நிமிசம் திகைத்தது. "அவன் போனா என்னப்பா" என்றார் கோட்டைச்சாமி, "அதான் நம்ம தங்கச்சி இருக்குல்ல, அது பாத்துக்கும்." தெரு நிம்மதியாக மூச்சு விட்டது. அவர் கை காட்டியது நனைந்த தலையோடு நின்ற பஞ்சவர்ணத்தை. தண்ணீர் இல்லாத காலத்தில் அவனும் இல்லை, அவள் வண்டியைத் தள்ளினாள், தண்ணீர் வந்த காலத்திலும் அவன் இருக்கமாட்டான், அவள் தீயைத் தள்ளிக்கொண்டு கிடக்க வேண்டும், அப்படியானால் இந்த மேகம் அவளுக்கு என்னத்தைக் கொண்டுவந்தது என்று நினைத்தாள். பனையோலைக் கட்டைத் தள்ளியதும் இந்தக் கைதான் என்று தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மழை விட்டதும் இருளாயியிடம் போனாள். மற்றவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், இருளாயியிடம் சொல்லாமல் செய்ய முடியாது. இருளாயி வாசலில் நிறைகுடங்களை வரிசையாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"மதினி, நாளைக்கு அடுப்புல பெருந்தீ போடப் போறேன்."

இருளாயி குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மேகம் போயிருமேத்தா."

"போயிரும்."

"மேகத்தப் பாத்துட்டு வர்றவ மேகத்தோட போயிருவாளே. எம் மகனுக்கு இத விட்டா வேற எடம் அமையுமா?"

பஞ்சவர்ணம் குனிந்து ஒரு குடத்தை நகர்த்திக் கொடுத்தாள். வரும் என்று நினைத்த அழுகை வரவில்லை. "பெட்டிய எறக்கிட்டாக மதினி" என்று மட்டும் சொன்னாள்.

 இருளாயியின் புருசன், மகன் தொட்டிலில் கிடந்தபோது மலேசியாவுக்குப் போனவர். போனவர் செத்தும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசுவார். முதலில் கடிதத்தில் இருந்தார், பிறகு டெலிபோன் பூத்துக்குப் போனால் கிடைத்தார், இப்போது மகனின் செல்போனுக்குள் குடியிருக்கிறார் என்று இருளாயியே சொல்லிச் சிரிப்பாள்.

"தண்ணியத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக் கொண்டாந்துரலாம்" என்றாள் இருளாயி. "அவுகள எந்த வண்டியில வச்சுடீ தள்ளிக் கொண்டாறது?"

சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். கல்யாணச் சமையலுக்கென்று அடுக்கிய விறகு அங்கே இருந்தது, தார்ப்பாய் போட்டு மூடி ஒரு சொட்டு மழை படாமல் வைத்திருந்த காய்ந்த விறகு, தட்டினால் மணி மாதிரிச் சத்தம் வரும். அதில் ஒரு பெரிய கட்டைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டாள். "நட" என்றாள். "நாளைக்கு என்ன நாளைக்கு. நாளைக்குன்னா எனக்கு மனசு மாறிரும்."

வழிவிட்டான் நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தான். இரண்டு பெண்களும் அவனை எழுப்பவில்லை. சின்னத் தீயின் தலையில் பெரிய விறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள், தீ முதலில் பயந்தாற்போலப் பம்மியது, பிறகு விறகின் அடியை நக்கிப் பார்த்தது, பிறகு பிடித்துக்கொண்டது. உறுமல் சத்தம் கேட்டு வழிவிட்டான் விழித்தான். அடுப்பின் உட்கூரை முழுக்கத் தீ புரண்டு ஓடுவதைப் பார்த்தான், எதிரே விறகுக் கட்டையோடு நின்ற மனைவியைப் பார்த்தான், எழுந்து, கம்பியை எடுத்து விறகை ஒருபக்கமாக ஒதுக்கிக் கொடுத்தான். அந்த வேலை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தெரு ஓடிவந்தது. ஓடிவந்தவர்கள் அப்போதுதான் நிரப்பிய குடங்களை இடுப்பில் வைத்தபடியே ஓடிவந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர் சிலரும் வந்தார்கள். மேகம் ஓரத்திலிருந்து கிழியத் தொடங்கியிருந்தது. கோட்டைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஊத்துங்க! தண்ணிய ஊத்துங்க! அணைங்கப்பா!" என்று கத்தினார். எல்லோர் இடுப்பிலும் நிறைகுடம். அடுப்பின் வாய் நாலடி தூரத்தில் திறந்து கிடந்தது. யாரும் தடுக்கவில்லை, பஞ்சவர்ணம்கூட ஒதுங்கி வழிவிட்டுத்தான் நின்றாள். ஆனால் கூத்தனேந்தலில் பிறந்த அல்லது வாக்கப்பட்டு வந்த ஒருத்திக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கீழே ஊற்றக் கை வருமா? முன்னால் நின்றவள் குடத்தைச் சாய்த்தாள், விளிம்புக்கு வந்த தண்ணீரைப் பார்த்தாள், மறுபடி நிமிர்த்திக்கொண்டாள். அடுத்தவள் அவளைப் பார்த்தாள். "நீ ஊத்து", "நீ ஊத்து" என்று ஒருத்தி காதில் ஒருத்தி சொன்னாள். கோட்டைச்சாமி ஒருத்தியின் குடத்தைப் பிடுங்கித் தூக்கினார், தூக்கியவர் அப்படியே நின்றார், அவரும் அந்த ஊர்க்காரர்தானே, கொஞ்ச நேரத்தில் அலுங்காமல் கீழே இறக்கி வைத்தார். அப்படியே எல்லோரும் நிறைகுடத்தோடு நின்று தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேகம் கயிற்றில் போட்ட ஈரத்துணி காய்கிற மாதிரி, ஓரம் முதலில் காய்ந்து, நடுவில் கொஞ்சம் ஈரம் நின்று, பொழுது சாய்வதற்குள் ஒன்றுமில்லாமல் போயிற்று. போகும்போது பெருமழை பெய்து கண்மாயை நிரப்பிவிட்டுப் போனது என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஒரு தூறல்கூடப் போடவில்லை. அடுப்புக்குள் கரி படிந்து கறுத்திருந்த உட்கூரை சூடு ஏற ஏற உச்சியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது, முழுக்க வெளுத்ததும் வழிவிட்டான், "பழகிருச்சு" என்றான். மயிரிழை விரிசல் அப்படியே இருந்தது, அதன் வழியே இனி வர ஒன்றுமில்லை.

தெரு கலைந்து போனது. யாரும் பஞ்சவர்ணத்தைத் திட்டவில்லை, பேசவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் விடிகாலையில் தெருவில் வண்டிகளின் கிறீச் சத்தம் மறுபடி கேட்டது. பஞ்சவர்ணம் எழுந்து, கோழியை விரட்டி, கவிழ்ந்து கிடந்த தள்ளுவண்டியை நிமிர்த்தினாள். சக்கரம் துருப்பிடித்திருந்தது, கைப்பிடி பிடிபடவில்லை, உரிந்த கை எரிந்தது. அவள் நாலு தப்படி தள்ளியதும் வழிவிட்டான் பின்னால் வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டான். அந்த ஊரில் ஆம்பளை தண்ணி வண்டி தள்ளியதாக வழக்கமில்லை, டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவனுக்குத் தள்ளத் தெரியவில்லை, வண்டி கோணிக்கொண்டு போனது, குடம் ஒன்று உருண்டு விழுந்து நெளிந்தது. "மேட்டுல அமுக்கக் கூடாதுங்க, தூக்கித் தள்ளணும்" என்று அவள் கூடவே நடந்து சொல்லிக் கொடுத்தாள். குழாயடியில் பக்கத்து ஊர்ப் பெண்கள் வெள்ளிக்கிழமைக் கணக்கையெல்லாம் மனதில் வைத்திருந்து கடைசியில்தான் விட்டார்கள், இருவரும் வெயில் ஏறித்தான் திரும்பினார்கள்.

அன்று மத்தியானம் அவன் அடுப்பில் முதல் பீட்சா வெந்தது. விளிம்பு பொங்கி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, கொல்லை முழுக்க வாசம். பஞ்சவர்ணம் அதை வாழையிலையில் வைத்து இருளாயி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பரமக்குடியிலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது என்று போகும் வழியிலேயே சொல்லிவிட்டார்கள், தை பிறக்கட்டும் பார்ப்போம் என்றார்களாம், அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இருளாயி படியில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சவர்ணம் இலையை அவள் மடியில் வைத்துவிட்டுப் படியோரம் நின்றாள்.

இருளாயி ஒரு துண்டைப் பிய்த்து மென்றாள். "உப்புக் கூட" என்றாள். இன்னொரு துண்டைப் பிய்த்தாள். விக்கியது. "தண்ணி கொண்டாத்தா."

பஞ்சவர்ணம் ஓடிப்போய்த் தன் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்தாள். இருளாயி வாங்கி முகர்ந்து பார்த்தாள். புகை வாசனை இல்லை.

"மேகத் தண்ணி இல்லையே. நீ எடுத்தியா?"

"இல்ல மதினி. அவுக எடுத்தாக."

இருளாயி செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு சொட்டுச் சிந்தாமல் முழுவதையும் குடித்தாள்.

"இன்னொரு செம்பு கொண்டா" என்றாள்.